விரட்டி விரட்டி ஆடினால் தொடைத் தசை கிழியுமா?

குட்டீஸ்! இந்த வாரம் நாம் ஒரு வழக்கை விசாரிக்கப் போகிறோம். நீதிபதி யார் தெரியுமா? நீங்கள்தான்! இரண்டு பக்கமும் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் சம்பவம். நாள்: 2024 டிசம்பர் 8. இடம்: லண்டன் மாநகரில் உள்ள டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கால்பந்து அணியின் மைதானம். எதிரணி, அதே ஊரைச் சேர்ந்த செல்சி.

காயத்தால் ஒதுங்கியிருந்த இரண்டு முக்கியத் தடுப்பாட்டக்காரர்கள் அன்றுதான் டாட்டன்ஹாம் அணிக்குத் திரும்பினார்கள். ஒருவர் அர்ஜென்டினா நாட்டின் கிறிஸ்டியன் ரொமேரோ. இன்னொருவர் நெதர்லாந்து நாட்டின் மிக்கி வான் டி வென். ரசிகர்களுக்கு ஒரே கொண்டாட்டம்! பதினோராவது நிமிடத்துக்குள் டாட்டன்ஹாம் இரண்டு கோல்கள் போட்டுவிட்டது.

ஆனால், பதினைந்தாவது நிமிடத்தில் ரொமேரோ தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். கடைசிப் பத்து நிமிடங்களுக்குக் கொஞ்சம் முன்னால் வான் டி வென்னும் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். வந்த அன்றே இருவருக்கும் மறுபடி காயம்! ஆட்டத்தில் 3-4 என்று டாட்டன்ஹாம் தோற்றும் போனது.

'எல்லாம் அந்தப் பயிற்சியாளர் செய்த வேலை! வீரர்களை விரட்டி விரட்டி ஆட வைத்துக் காலை ஒடித்துவிட்டார்' என்று ஒரு கூட்டம் கோபப்பட்டது. 'பாவம், அவர் என்ன செய்வார்? இது வெறும் துரதிர்ஷ்டம்' என்று இன்னொரு கூட்டம் பரிந்து பேசியது.

எது உண்மை? வாருங்கள், விசாரிப்போம்.

குற்றம் சாட்டப்பட்டவர்

பெயர் ஏஞ்ச் போஸ்டகோக்லு. பிறந்தது கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரில், 1965ஆம் ஆண்டு. ஐந்து வயதில் பெற்றோருடன் கப்பலேறி ஆஸ்திரேலியா போய் அங்கேயே வளர்ந்தவர். 2015இல் ஆஸ்திரேலிய அணிக்கு ஆசியக் கோப்பையையும், 2019இல் ஜப்பானின் யோகோஹாமா அணிக்கு அந்த நாட்டு லீக் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தவர். 2023 ஜூன் மாதம் டாட்டன்ஹாம் அணிக்கு வந்து சேர்ந்தார்.

இங்கிலாந்தில் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரை 'மானேஜர்' என்பார்கள். யார் ஆட வேண்டும், எந்த முறையில் ஆட வேண்டும், பயிற்சி எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவர்தான். அதனால்தான் ஜெயித்தால் மாலையும் அவருக்கே, தோற்றால் திட்டும் அவருக்கே!

ஆரம்பம் அமர்க்களம். 2023-24 பிரீமியர் லீக்கில் முதல் 10 ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா. பட்டியலில் முதலிடம்! அதற்குக் காரணம் அவருடைய 'விரட்டல்' முறை.

விரட்டல் என்றால் என்ன?

ஓடிப் பிடிக்கும் ஆட்டம் ஆடியிருப்பீர்கள் அல்லவா? பிடிப்பவர் மரத்தடியில் நின்று 'யாராவது கிட்டே வரட்டும்' என்று காத்திருக்கலாம். அல்லது ஓடுகிறவர்களை மூச்சுவிடாமல் துரத்தலாம். கால்பந்திலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு.

பந்து எதிரணியிடம் போய்விட்டால் சில அணிகள் பின்வாங்கித் தங்கள் கோல் அருகே சுவர் போல நின்றுகொள்ளும். வேறு சில அணிகள் அப்படியே முன்னால் பாய்ந்து, பந்து வைத்திருப்பவரை இரண்டு மூன்று பேராகச் சூழ்ந்து, பிடுங்கப் பார்க்கும். இதைத்தான் ஆங்கிலத்தில் 'பிரஸ்ஸிங்' என்கிறார்கள். எதிரணியின் கோல் பக்கத்திலேயே பந்தைப் பிடுங்கிவிட்டால், கோல் போடுவது சுலபம் அல்லவா?

இது புதிதாக முளைத்த யோசனை அல்ல. 1960களில் கீவ் நகரின் டைனமோ அணியில் விக்டர் மாஸ்லோவ் என்ற பயிற்சியாளர் இதைச் செய்து பார்த்தார். 1974 உலகக் கோப்பையில் ரைனஸ் மிஷெல்ஸ் பயிற்சி கொடுத்த நெதர்லாந்து அணி இதைச் செய்து உலகையே வியக்க வைத்தது.

விரட்டல் முறைக்கு ஒரு தோழனும் உண்டு. முன்னால் இருப்பவர்கள் பாயும்போது, பின்னால் இருப்பவர்கள் தூரத்தில் நின்றால் நடுவில் பெரிய இடைவெளி விழும். எனவே தடுப்பாட்டக்காரர்களும் மேலே ஏறி, மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுமார் 40 மீட்டர் வெறும் புல்தரை! எதிரணி பந்தை அவர்கள் தலைக்கு மேல் தூக்கி அடித்துவிட்டால்? சட்டென்று திரும்பி, உயிரைக் கொடுத்து ஓட வேண்டும்.

இந்த ஓட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் முக்கியமான தடயம் இதுதான்.

தொடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

உங்கள் தொடையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே மூன்று நீளமான தசைகள் இருக்கின்றன. இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. மூன்றையும் சேர்த்து 'ஹாம்ஸ்ட்ரிங்' என்று சொல்வார்கள். முழங்காலை மடக்குவதும், தொடையைப் பின்னால் இழுப்பதும் இவற்றின் வேலை.

வேகமாக ஓடும்போது காலை முன்னால் வீசுகிறோம். பாதம் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பு, வீசிய காலை யாராவது பிடித்து நிறுத்த வேண்டுமே! அந்த 'பிரேக்' போடும் வேலையையும் இதே தசைகள்தான் செய்கின்றன. அந்தக் கணத்தில் அவை நீண்டுகொண்டே இருக்கின்றன. நீண்டுகொண்டே பலமாக இழுத்தும் பிடிக்கின்றன. ரப்பர் பேண்டை ஒருவர் இழுக்க, அதே ரப்பர் பேண்டு அவரைத் திருப்பி இழுப்பதுபோல! வேகம் கூடக்கூட அந்த இழுவை பல மடங்கு ஏறும். தசை களைத்துப் போயிருந்தால் 'பட்'டென்று இழைகள் கிழிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் வீரர் யாரும் மோதாமலே திடீரென்று தொடையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி நின்றுவிடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் இதுதான். சிறு கிழிசல் என்றால் இரண்டு மூன்று வாரம், பெரிய கிழிசல் என்றால் சில மாதங்கள் ஓய்வு.

சரி, கோர்ட் கூடிவிட்டது! முதலில் அரசுத் தரப்பு வக்கீல்.

'போஸ்டகோக்லுதான் காரணம்!'

கனம் நீதிபதி அவர்களே! முதல் சாட்சி, 2023 நவம்பர் 6. அன்றும் எதிரணி செல்சிதான். ரொமேரோவுக்கும் உடோகிக்கும் சிவப்பு அட்டை. மீதம் ஒன்பது பேர்! சாதாரணப் பயிற்சியாளர் என்றால் எல்லோரையும் கோல் முன்னால் நிற்க வைத்திருப்பார். இவரோ ஒன்பது பேரை வைத்துக்கொண்டும் நடுக்கோட்டருகே நின்று ஆட வைத்தார். அந்த ஆட்டத்தில்தான் பந்தைத் துரத்தி ஓடிய வான் டி வென்னின் தொடைத் தசை முதல் முறை கிழிந்தது. புது வருடம் பிறந்த பிறகுதான் அவர் திரும்பினார். டாட்டன்ஹாம் 1-4 என்று தோற்றது.

இரண்டாவது சாட்சி, வான் டி வென்னின் வேகம். 2024 ஜனவரி 31 அன்று பிரென்ட்போர்ட் அணிக்கு எதிராக அவர் மணிக்கு 37.38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினார். அடேங்கப்பா! வினாடிக்கு 10 மீட்டருக்கும் மேல்! பிரீமியர் லீக்கில் 2020-21 முதல் அளந்து வந்த வேகங்களில் அதுவரை அதுதான் அதிகம். ஒரு தடுப்பாட்டக்காரர் ஏன் இப்படி ஓட வேண்டியிருந்தது? முதுகுக்குப் பின்னால் 40 மீட்டர் காலி இடத்தை விட்டு நிற்க வைத்ததால்தானே!

மூன்றாவது சாட்சி, காயங்களின் வரிசை. 2024 அக்டோபர் 30 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக வான் டி வென்னுக்கு மீண்டும் அதே காயம். டிசம்பர் 5 அன்று பென் டேவிஸுக்குத் தொடைத் தசை. டிசம்பர் 8, நீங்கள் கேட்ட சம்பவம். டிசம்பர் 29 அன்று உடோகிக்குத் தொடைத் தசை. ஒரே அணியில் இரண்டே மாதத்தில் இத்தனை பேருக்கா?

நான்காவது சாட்சி, மற்ற அணிகள். 2015 அக்டோபரில் யூர்கன் க்ளோப் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளர் லிவர்பூல் அணிக்கு வந்தார். அவரும் விரட்டல் மன்னர். மூன்றே மாதத்தில் வரிசையாக வீரர்கள் படுத்தார்கள். 2016 ஜனவரி 5 அன்று ஸ்டோக் அணியுடன் ஆடும்போது, முதல் பாதியிலேயே கூட்டினோ, லோவ்ரன் இருவருக்கும் தொடைத் தசைக் காயம்! ரேமண்ட் வெர்ஹெய்ன் என்ற நெதர்லாந்து உடற்தகுதி நிபுணர் 'க்ளோப்பின் கடும் பயிற்சியே காரணம்' என்று வெளிப்படையாகவே குறை சொன்னார். மார்செலோ பியல்சாவின் லீட்ஸ் அணியிலும் 2021 டிசம்பர் 5 அன்று, பிரென்ட்போர்டுடன் நடந்த ஒரே ஆட்டத்தில் லியம் கூப்பர், கால்வின் பிலிப்ஸ் இருவருக்கும் அதே காயம். விரட்டி ஆடும் இடத்திலெல்லாம் தொடை கிழிகிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

கேட்கும்போது 'ஆமாம், அவர்தான்!' என்று தோன்றுகிறது, இல்லையா? அவசரப்படாதீர்கள் குட்டீஸ். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார்.

'எல்லாக் காயத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்!'

கனம் நீதிபதி அவர்களே! முதலில் காயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டாட்டன்ஹாம் கோல்கீப்பர் விகாரியோ 2024 நவம்பர் 23 அன்று கணுக்கால் எலும்பு முறிந்து போனார். கோல்கீப்பர் யாரையும் விரட்டி ஓடுவது இல்லையே! முறிந்த காலோடு அவர் அந்த ஆட்டத்தை முழுதாக ஆடி முடித்தார் என்பது வேறு கதை. லிவர்பூலின் வான் டைக்குக்கு 2020 அக்டோபர் 17 அன்று முழங்கால் ஜவ்வு கிழிந்தது. எவர்டன் கோல்கீப்பர் அவர்மீது பாய்ந்து மோதியதால் வந்த காயம் அது. இவற்றையெல்லாம் விரட்டல் முறையின் கணக்கில் எழுதலாமா? கூடாது. தொடைத் தசை போன்ற தசைக் காயங்களை மட்டுமே எண்ண வேண்டும்.

இரண்டாவது, ஆட்டங்களின் எண்ணிக்கை. 2023-24இல் டாட்டன்ஹாம் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடவில்லை. மொத்தமே 41 ஆட்டங்கள். 2024-25இல்? லீக்கில் 38, யூரோப்பா லீக்கில் 15, லீக் கோப்பையில் 5, எஃப்.ஏ. கோப்பையில் 2. கூட்டிப் பாருங்கள்... 60!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆட்டம் ஒன்றரை மணி நேரம். ஆடுபவர்கள் 11 பேர். அப்படியென்றால் ஒரு ஆட்டத்துக்கு 16.5 'வீரர்-மணி'. 41 ஆட்டங்களுக்கு 676.5 மணி. 60 ஆட்டங்களுக்கு 990 மணி. பயிற்சியாளரும் மாறவில்லை, ஆடும் முறையும் மாறவில்லை என்றாலும், ஆடும் நேரம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. காயமும் அதற்கேற்பக் கூடத்தானே செய்யும்? இதனால்தான் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 'எத்தனை காயம்?' என்று மட்டும் கேட்பதில்லை. 'ஆயிரம் மணி நேரத்துக்கு எத்தனை காயம்?' என்று கேட்கிறார்கள்.

மூன்றாவது, ஓய்வு. ஐரோப்பியக் கிளப்புகளின் ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே 4 நாள் அல்லது அதற்கும் குறைவாக இடைவெளி இருந்தால், 6 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது வருவதைவிடத் தசைக் காயங்கள் அதிகம் வருகின்றன. பென் டேவிஸ் காயம் பட்ட டிசம்பர் 5க்கும் செல்சி ஆட்டம் நடந்த 8க்கும் இடையில் மூன்றே நாட்கள்தான். இந்த அட்டவணையைப் போட்டது போஸ்டகோக்லுவா? இல்லையே!

நான்காவது, ஐரோப்பா முழுவதும் நடப்பது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யான் எக்ஸ்ட்ரான்டின் குழு, 2001 முதல் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் காயங்களைக் கணக்கெடுத்து வருகிறது. 2001-02இல் 100 காயங்களில் 12 தொடைத் தசைக் காயங்கள். 2021-22இல் அது 24. இரு மடங்கு! இத்தனை கிளப்புகளிலும் போஸ்டகோக்லுவா பயிற்சியாளர்?

ஐந்தாவதாக என் கடைசிச் சாட்சி, அதே லிவர்பூல்! 2016இல் வீரர்கள் விழுந்தார்கள், சரி. அதே க்ளோப், அதே விரட்டல் முறையில் 2019இல் சாம்பியன்ஸ் லீக்கையும், 2019-20இல் பிரீமியர் லீக்கையும் ஜெயித்தார். அந்த 2019-20 லீக் தொடரில் தடுப்பாட்டக்காரர் வான் டைக் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடினார். விரட்டல் முறைதான் விஷம் என்றால், அவர் எப்படித் தப்பினார்?

நீதிபதி யோசிக்கிறார்...

இப்போது குழப்பமாக இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும். இரண்டு வக்கீல்களும் கெட்டிக்காரர்கள். நாம் கொஞ்சம் நிதானமாக எடை போடுவோம்.

ஒரு சின்ன உதாரணம். மழைக்காலத்தில் குடை விற்பனை கூடுகிறது. சளிப் பிடித்தவர்களும் கூடுகிறார்கள். குடையால் சளி வந்தது என்று சொல்லலாமா? ம்ஹூம்! இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தால், ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. விரட்டல் முறையும் காயமும் ஒரே அணியில் இருந்தன என்பது சந்தேகத்துக்கு இடம் தரும். தீர்ப்புக்குப் போதாது.

அதே சமயம் 'எல்லா கிளப்பிலும்தான் காயம் கூடுகிறது' என்ற வாதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கவனித்தீர்களா? எல்லா கிளப்புகளுமே முன்பைவிட வேகமாக ஆடுகின்றன. விரட்டி ஆடுவதும் பரவிவிட்டது. வேகம் கூடியதே காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்களும் கருதுகிறார்கள். எனவே அந்தச் சாட்சி இரண்டு பக்கமும் பேசுகிறது!

இன்னொன்று. போஸ்டகோக்லு போன பிறகு, 2025 ஆகஸ்டு 3 அன்று தென் கொரியாவின் சியோல் நகரில் நடந்த நட்பு ஆட்டத்தில் டாட்டன்ஹாமின் ஜேம்ஸ் மேடிசனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. 'பார்த்தீர்களா, பயிற்சியாளர் மாறியும் காயம் நிற்கவில்லை' என்று சொல்லத் தோன்றும். ஆனால், கொஞ்சம் முன்னால் நாமே ஒரு விதி வைத்தோமே! தசைக் காயங்களை மட்டும்தான் எண்ண வேண்டும் என்று. முழங்கால் ஜவ்வுக் காயம் தசைக் காயம் அல்ல. எனவே இதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. நமக்குப் பிடித்த பக்கத்துக்கு ஒரு தராசு, பிடிக்காத பக்கத்துக்கு ஒரு தராசு என்று வைத்திருப்பவர் நல்ல நீதிபதி அல்ல.

லிவர்பூல் கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. க்ளோப் 2015இல் பருவத்தின் நடுவில் வந்தார். வீரர்களின் உடம்பு அந்த வேகத்துக்குப் பழகவில்லை. ஜெர்மனியில் குளிர்காலத்தில் லீக்குக்கு விடுமுறை உண்டு. இங்கிலாந்தில் அப்போது அது கிடையாது. 2016இல் அவர் புது உடற்பயிற்சி நிபுணரையும் உணவு நிபுணரையும் அழைத்து வந்தார். பருவம் தொடங்கும் முன்பே முழுப் பயிற்சியும் கொடுத்தார். 2016-17இல் ஐரோப்பிய ஆட்டங்களும் இல்லாததால் ஓய்வும் கிடைத்தது. விரட்டல் அப்படியே இருந்தது. அதைத் தாங்கும் உடம்பைத்தான் படிப்படியாக உருவாக்கினார்கள்.

ஆக, விரட்டி ஆடுவது தன்னால் காலை ஒடிப்பதில்லை. பழகாத உடம்பில், ஓய்வு இல்லாமல், முழு வேகத்தில் மறுபடி மறுபடி ஓட வைப்பதுதான் ஆபத்து. விரட்டல் முறை அப்படி ஓட வேண்டிய வாய்ப்பை அதிகமாக்குகிறது. இடைவெளி இல்லாத அட்டவணை அந்த ஆபத்தைப் பெரிதாக்குகிறது.

அதன்பின் ஒரு சங்கிலி தொடங்கிவிடும். மூன்று பேர் படுத்தால், மீதிப் பேர் ஓய்வில்லாமல் ஆட வேண்டும். அவர்கள் களைப்பார்கள். அவர்களில் இருவர் படுப்பார்கள். டாட்டன்ஹாமில் அப்படித்தான் ஆனது. நடுக்களத்தில் ஆடும் ஆர்ச்சி கிரே என்ற 18 வயதுப் பையன், தடுப்பாட்ட நடுவில் நின்று வாரக்கணக்கில் சமாளிக்க வேண்டி வந்தது!

அப்படியானால் பயிற்சியாளர் மீது தவறே இல்லையா?

இங்கேதான் அந்த டிசம்பர் 8க்குத் திரும்ப வேண்டும். தொடைத் தசை ஒரு முறை கிழிந்தால், அது மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். எக்ஸ்ட்ரான்ட் குழுவின் கணக்குப்படி, 100 தொடைத் தசைக் காயங்களில் 18, பழைய காயம் திரும்ப வந்தவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், வீரர் திரும்பி வந்த இரண்டே மாதத்துக்குள் நடக்கின்றன. வான் டி வென் அக்டோபர் 30 அன்று காயம் பட்டார். 39 நாள் கழித்துத் திரும்பினார். திரும்பிய அன்றே மறுபடி காயம்.

அட்டவணையைப் பயிற்சியாளர் போடுவதில்லை. எதிரணி வீரர் மோதுவதையும் அவரால் தடுக்க முடியாது. ஆனால் 'இன்று யார் ஆட வேண்டும், எத்தனை நிமிடம் ஆட வேண்டும்' என்பது அவர் கையில்தான் இருக்கிறது. பயிற்சியாளரும் மருத்துவர்களும் மனம் விட்டுப் பேசிக்கொள்ளும் கிளப்புகளில் காயங்கள் குறைவு என்று அதே எக்ஸ்ட்ரான்ட் குழு கண்டறிந்திருக்கிறது. எவ்வளவு முக்கியமான விஷயம் பாருங்கள்!

கதையின் முடிவு

2024-25 லீக்கில் டாட்டன்ஹாம் 22 ஆட்டங்களில் தோற்று, 20 அணிகளில் 17ஆவது இடத்துக்கு இறங்கியது. ஆனால் யூரோப்பா லீக்கில் இறுதிப் போட்டிக்கே போய்விட்டது! 2025 மே 21, ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரம். எதிரணி மான்செஸ்டர் யுனைடெட்.

அன்று போஸ்டகோக்லு என்ன செய்தார் தெரியுமா? இடைவேளைக்குச் சற்று முன் பிரென்னன் ஜான்சன் ஒரு கோல் போட்டார். அதன்பின் டாட்டன்ஹாம் பின்வாங்கி, கோல் முன்னால் சுவர் கட்டி நின்றது. ஒன்பது பேரை வைத்துக்கொண்டும் விரட்டியவர், பதினொரு பேரை வைத்துக்கொண்டு காத்து நின்றார்! இரண்டாவது பாதியில் ஒரு பந்து கோலுக்குள் போகப் பார்த்தது. ஒரு தடுப்பாட்டக்காரர் அந்தரத்தில் பறந்து, கோல் கோட்டின் மேல் அதைக் காலால் உதைத்துத் தள்ளினார். யார் அவர்? காயம் ஆறித் திரும்பிய வான் டி வென்!

1-0. டாட்டன்ஹாமுக்கு 17 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை. ஆனால் 16 நாள் கழித்து, ஜூன் 6 அன்று, போஸ்டகோக்லுவைக் கிளப் வேலையை விட்டு அனுப்பிவிட்டது. கோப்பையை விட லீக் தோல்விகள்தான் கிளப்புக்குப் பெரிதாகத் தெரிந்தன. அந்தத் தோல்விகளுக்குக் காயங்களும் ஒரு காரணம். எனவே 'காயத்துக்கு யார் காரணம்' என்பது வெறும் வாய்ச்சண்டை அல்ல. ஒருவருடைய வேலையும் பல வீரர்களின் உடம்பும் அதில் அடங்கியிருக்கின்றன.

உங்களுக்கும் இது பொருந்தும்!

'நாங்கள் என்ன பிரீமியர் லீக்கா ஆடுகிறோம்?' என்று கேட்காதீர்கள். பள்ளி மைதானத்தில் ஓடுகிற உங்கள் கால்களிலும் அதே மூன்று தசைகள்தான் இருக்கின்றன. இதோ சில யோசனைகள்:

* ஆட்டத்துக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி, குதித்து, உடம்பைச் சூடாக்குங்கள். வந்ததும் வராததுமாக முழு வேகத்தில் ஓட வேண்டாம்.

* ஹாம்ஸ்ட்ரிங் தசையைப் பலப்படுத்த ஒரு எளிய பயிற்சி உண்டு. மண்டியிட்டு நிற்க வேண்டும். ஒருவர் உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முதுகை வளைக்காமல் மெள்ள மெள்ள முன்னால் சாய வேண்டும். 'நார்டிக் பயிற்சி' என்று பெயர். இதை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் தொடைத் தசைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பி.டி. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

* விடுமுறை முடிந்து வந்த முதல் வாரமே போட்டிக்குப் போவது போல் ஓடாதீர்கள். ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

* வலித்தால் சொல்லுங்கள்! இதுதான் மிக முக்கியம். 'சொன்னால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்களோ' என்று பயந்து வலியை மறைப்பவர்கள் நிறையப் பேர். ஒரு ஆட்டத்தை விட்டால் ஒரு வாரம்தான் போகும். மறைத்து ஆடினால் ஒரு வருடமே போகலாம். வளரும் வயதில் முழங்காலிலோ குதிகாலிலோ வலி தொடர்ந்து இருந்தால் அம்மா, அப்பாவிடம் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

* நண்பன் வலிக்கிறது என்றால் 'நடிக்கிறான்டா' என்று கேலி செய்யாதீர்கள். அவனைப் பேச விடாமல் செய்தால், அவன் காயத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

சரி, நீதிபதிகளே! சாட்சியங்கள் எல்லாம் உங்கள் முன்னால் இருக்கின்றன. குற்றவாளி விரட்டல் முறையா, அட்டவணையா, அவசரமா? மூன்றுக்கும் பங்கு உண்டு என்றால், எதற்கு எவ்வளவு? நாளைக்கு இடைவேளையில் நண்பர்களோடு உட்கார்ந்து விவாதித்துப் பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: தீர்ப்பு எதுவானாலும், அதற்கு ஆதாரம் என்ன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சரியா?